கடைசி ஒரு முழம்

பந்து குழியிலிருந்து ஒரு முழத் தூரத்தில் கிடந்தது. முழம் என்றால் என் முழம். நான் குட்டையான ஆள்.

சுற்றி நின்ற ஆபீசர்கள் யாரும் பந்தைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார்கள். மேனேஜர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து பந்தை எடுத்துக்கொள்ளத் தயாராக, ஒரு கையை முழங்காலில் வைத்திருந்தார். அந்தக் கை கீழே போவதற்கு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"போதும் சார்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டால் மேனேஜருக்குக் கோப்பை, எனக்கு மைதானம்.

காற்று இல்லை. புதிதாக ஊற்றிய கழிவெண்ணெயின் வாடை மூக்கில் ஏறியது. தூரத்தில் கால்வாயில் யாரோ துணி துவைக்கிற சத்தம். நான் வாயைத் திறந்தேன்.

மில் ஸ்டோர்ஸில் ஆணியும் பெல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் என்று சென்ற வாரம்தான் இதே பத்தியில் என்னைப் பற்றி எழுதியிருந்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்குக் கோல்ஃப் மைதானத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி செண்பகமும் அதைத்தான் கேட்டாள். திறந்த வாய் அப்படியே இருக்கட்டும். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

குழிக்காடு

எங்கள் நூல் மில் கல்லிடைக்குறிச்சிக்குச் சற்றுத் தள்ளி, ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருந்தது. மில்லுக்குப் பின்னால் ஒரு சரளைக்காடு. அதில் பழைய துரைமார் காலத்தில் கோல்ஃப் விளையாடக் குழி தோண்டியிருந்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் அதற்குக் குழிக்காடு என்றுதான் பெயர்.

ஒன்பது குழி வேண்டுமாம். இடம் ஏழுக்குத்தான் இருந்தது. அதனால் ஏழு முடிந்ததும் முதல் இரண்டையும் மறுபடி ஆடி, ஒன்பது என்று எண்ணிக்கொள்வார்கள். எண்ணிக்கையில் ஏமாற்றுகிற வேலை அந்த மைதானம் பிறந்த அன்றைக்கே தொடங்கிவிட்டது.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. குவார்ட்டர்ஸில் கேபிள் டி.வி. வந்திருந்த சமயம். அதில் எப்போதாவது வெளிநாட்டுக்காரர்கள் கோல்ஃப் ஆடுவதைக் காட்டுவார்கள். பார்க்கிற இடமெல்லாம் பச்சைக் கம்பளம். எங்கள் ஊரில் பச்சையாக இருந்தது உடைமர இலை மட்டும்தான். அதற்குக் கீழே முள், சரள், ஆட்டுப்புழுக்கை.

குழியைச் சுற்றிப் புல் வளராததால், வட்டமாக மணல் கொட்டி, காற்றில் பறக்காமல் இருக்க மிஷின்களில் இருந்து வடித்த கழிவெண்ணெயை ஊற்றிப் பிசறி வைத்திருப்பார்கள். புல் இருந்தால் 'கிரீன்' என்பார்களாம்; இல்லாததால் ஆபீசர்கள் அதை 'பிரவுன்' என்பார்கள். மற்ற எல்லோருக்கும் அது எண்ணெய்க்களம்.

அந்த எண்ணெய் என் ஸ்டோர்ஸ் வழியாகத்தான் போகும். பீப்பாயோடு நானும் கூடப் போய், களத்தில்தான் ஊற்றினார்கள் என்று கையெழுத்துப் போட வேண்டும். எனக்கும் அந்த ஆட்டத்துக்கும் ஏற்பட்ட முதல் சம்பந்தம் இந்தக் கழிவெண்ணெய்தான்.

மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர் மீரான் பாய். மேலப்பாளையத்துக்காரர். தறியில் உட்கார்ந்து முழங்கால் போனபிறகு இங்கே வந்தவர். நீளக் கழியில் சாக்கைச் சுற்றி, ஒவ்வொரு களமாக இழுத்துச் சமப்படுத்துவதுதான் வேலை. களத்துக்கு வந்தபிறகு பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாது, உருட்ட வேண்டும். உருட்டுவதற்கு முன் பந்திலிருந்து குழிவரைக்கும் சாக்கை ஒருமுறை இழுத்துப் பாதை போட்டுக்கொள்ளலாம்.

"இவங்களுக்குப் பாதை போடுததுக்குள்ள நான் ஒரு சேலை நெய்ஞ்சிருவேன் வே," என்பார் மீரான் பாய். "பந்து என்னமோ பாதையிலயா போவுது?"

போதும் சார்

பீப்பாய் காலியாகும்வரை அதன்மேல் உட்கார்ந்து ஆபீசர்களின் ஆட்டத்தைப் பார்ப்பேன். யாரும் என்னைக் கவனித்ததில்லை. கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

உலகத்தில் நடுவர் இல்லாத ஆட்டம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆடுகிறவனே தன் அடியை எண்ணிச் சொல்ல வேண்டும். இப்படி ஓர் ஆட்டத்தை ஆபீசர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? முள்ளுக்குள் போன பந்து, செருப்புக்காலால் ஒரு தள்ளு வாங்கி வெளியே வந்துவிடும். வீசிய மட்டை பந்தில் படாமல் போனால் அது 'சும்மா வீசிப் பார்த்தது'. ஏழு அடித்தவர் வானத்தைப் பார்த்து யோசித்துவிட்டு, "ஐந்து" என்பார். பக்கத்தில் இருப்பவரும் ஏழு அடித்திருப்பார். அதனால் அவரும் ஐந்து என்று சொல்லித் தலையாட்டுவார்.

மேனேஜருக்கு இந்தச் சிரமம்கூட இல்லை. அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை. அவர் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்தால் போதும், கூட ஆடுகிறவர் "போதும் சார், எடுத்துக்குங்க" என்று சொல்லிவிடுவார். விழுந்ததாகக் கணக்கு. அவர் வந்த புதிதில் பக்கம் என்றால் ஒரு சாண். அடுத்த வருடம் ஒரு முழம். நான் சொல்கிற சமயத்தில் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு வந்திருந்தது. அந்தக் 'கூட ஆடுகிறவர்' பெரும்பாலும் லேபர் ஆபீசர் ஞானராஜ். மைதானத்துக்குச் செயலாளரும் அவர்தான்.

கிளப் அறையில் ஒரு பழைய விதிப் புத்தகம் கிடந்தது. எண்ணெய்க் கணக்கில் கையெழுத்து வாங்கப் போனபோது எடுத்துவந்து, அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். அடிகளை எண்ணி ஆடும்போது கடைசி உருட்டை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. பந்து விழுந்தால்தான் குழி முடிந்தது என்று அதில் இருந்தது. எம்.ஏ., எம்.எஸ்ஸி. படித்தவர்கள் யாரும் அதைத் திறந்ததாகத் தெரியவில்லை. உள்ளே ஒரு பல்லி முட்டை காய்ந்து கிடந்தது.

கிளப் சுவரில் ஒரு பலகை உண்டு. ஒன்பது குழிக்கு மிகக் குறைந்த எண்ணிக்கை யாருடையதோ, அவர் பெயரை அதில் பெயிண்டில் எழுதுவார்கள். மேனேஜர் பெயருக்கு நேரே 39 என்று இருந்தது. அந்த ஆட்டத்தை நான் பீப்பாய்மேல் இருந்து எண்ணினேன். ஐம்பத்தேழு.

அந்த முப்பத்தொன்பது என் கண்ணில் தூசி மாதிரி உறுத்த ஆரம்பித்தது. பொய்யாக எழுதப்பட்ட அதே எண்ணை ஒருநாள் நான் உண்மையாக ஆடிக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. யாருக்குக் காட்ட? எனக்கே தெரியாது. அதுவரை நான் கிட்டிப்புள்கூட ஒழுங்காக ஆடியதில்லை.

ஏழாம் நம்பர் இரும்பு

ஸ்டோர்ஸில் கழிவுச் சாமான்களோடு ஒரு கோல்ஃப் மட்டை வந்து கிடந்தது. இரும்புத் தலை, அடியில் 7 என்று எண். பிடியில் தோல் கிழிந்து தொங்கியது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். உடைமுள்ளுக்குள் தொலைந்த பந்துகளை மீரான் பாய் பொறுக்கிக் கொடுத்தார்.

விடியற்காலையில் கிளம்பினால் மில்லின் ஏழு மணிச் சங்குக்குள் ஆடிவிட்டு வேலைக்குப் போய்விடலாம். செண்பகம் திசையன்விளைக்காரி. அந்தச் செம்மண் காட்டுப் பேச்சு அவளிடம் அப்படியே இருந்தது.

"கம்பைத் தூக்கிட்டு எங்க போறிய?"

"சும்மா, நடக்க."

"சும்மா நடக்கதுக்குக் கம்பு என்னத்துக்கு? காட்டுக்குத்தான் போவியன்னா நாலு ஆட்டையாவது பத்திட்டுப் போங்க. ஆடாவது வயிறு ரொம்பித் திரும்பும்."

முதல் நாள் நேர்மையாக எண்ணினேன். எண்பத்துமூன்று. அதில் பதினொன்று காற்றை அடித்தது. ஆபீசர்கள்மேல் இருந்த எரிச்சலையெல்லாம் தோளில் ஏற்றிக்கொண்டு அடித்தேன். பந்து பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது.

மீரான் பாய் சாக்கை நிறுத்திவிட்டு, "பாம்பா வே அது? இந்த அடி அடிக்கீரு?" என்றார்.

ஒரு மாதம் கழித்து எழுபது. மழை முடிந்தபிறகு அறுபதுக்குக் கீழே. வேறொன்றும் செய்யவில்லை. பலமாக அடிப்பதை விட்டேன். பந்தை எங்கே போட வேண்டும் என்று ஒரு கல்லைப் பார்த்து வைத்துக்கொள்வேன். மட்டையைப் பைய எடுத்து, பைய இறக்குவேன். தப்பாகப் போனால் தப்பாகப் போனதென்று எண்ணுவேன். எண்ணிக்கையை மறைக்காவிட்டால் எந்தக் குழியில் நாம் மடையன் என்பது தெரிந்துவிடும். மூன்றாம் குழியில் நான் பெரிய மடையன். அங்கே மட்டும் இரண்டு வாரம் கிடந்தேன்.

ஒருநாள் ஐந்தாம் குழிக்கு அடித்தபோது கையில் எதுவுமே தெரியவில்லை. அடித்தேனா இல்லையா என்றே சந்தேகம். பாக்குவெட்டியில் பாக்கு இரண்டாகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் பந்து மலையின் நீலத்துக்கு முன்னால் வெள்ளைப் புள்ளியாக ஏறிக்கொண்டிருந்தது. அது இறங்கிக் களத்தில் விழும்வரை நான் மூச்சு விடவில்லை. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. இதை எழுதலாமா என்று செண்பகத்திடம் கேட்டேன். "எழுதுங்க. நானும் அப்படித்தான இருந்தேன்," என்றாள்.

யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. ஆளுக்கு முன்னால் வார்த்தை வராதவனுக்குப் பந்து ஒரு நல்ல துணை. அது நலம் விசாரிக்காது.

ஒழுங்காக ஆடுவது

ஏறக்குறைய இரண்டு வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒருநாள், நான் அடித்த பந்து நேராகப் போய் ஞானராஜின் காலடியில் விழுந்தது. அவரும் மேனேஜரும் காலை நடைக்கு அந்தப் பக்கம் வந்திருந்தார்கள்.

"என்ன சங்கரலிங்கம்?" என்றார் ஞானராஜ். "ஸ்டோர்ஸ் இங்கன மாறிட்டோ?"

நான் மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவ்வளவு நீளமான சாமானை மறைக்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஆபீசர்களுக்கு மட்டும்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்குல்லா? படிக்கத் தெரியும்லா? அந்த மட்டை மில் சாமான். மெமோ வாங்கணும்னு ஆசையா?"

மேனேஜர் பந்தைக் குனிந்து எடுத்து உருட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அங்கிருந்து நீங்க அடிச்சதுங்களா இது? இந்தக் கம்புலயா?"

நான் தலையாட்டினேன்.

"ஞானராஜ், ஞாயித்துக்கிழமை கோப்பை ஆட்டத்துக்கு ஒரு ஆள் கொறையுதுன்னீங்களே. இவரையே போடுங்க. என்கூட ஆடட்டும். ஒழுங்கா ஆடுனார்னா அப்புறமும் வந்து ஆடிட்டுப் போகட்டும்."

அவர் நடந்துவிட்டார். ஞானராஜ் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஒழுங்கா ஆடுததுன்னா என்னன்னு தெரியும்லா? கூட ஆடுதவன்தான் அவர் அட்டையில எண்ணிக்கை எழுதணும். பக்கத்துல வந்துட்டா என்ன சொல்லணும்?"

"போதும் சார்," என்றேன்.

"சத்தமாச் சொல்லணும்."

ஆக, என்னிடம் கேட்கப்பட்டது இவ்வளவுதான். அதைச் சொன்னால் காலமெல்லாம் ஒளியாமல் ஆடலாம். சொல்லாவிட்டால் மட்டை கழிவுக்கும் நான் வீட்டுக்கும் போக வேண்டியதுதான். அந்த வாரம் முழுவதும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினேன். "போதும் சார். போதும் சார்."

அடுப்படியில் இருந்து செண்பகம் எட்டிப் பார்த்தாள். "யாருகிட்டப் போதும்ங்கிய? இன்னும் ஒரு தோசைகூட வைக்கலியே."

திறந்த வாய்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

ஒன்பதாவது குழி. அதாவது இரண்டாம் குழியை இரண்டாம் தடவை ஆடுகிறோம். அதுவரை எட்டுக் குழிகளிலும் மேனேஜர் பந்து பக்கத்தில் வரும்போதெல்லாம், பின்னால் வந்துகொண்டிருந்த ஞானராஜே முந்திக்கொண்டு "போதும் சார்" என்று கூவிவிட்டார். நானும் அதைத் தலைகுனிந்து அட்டையில் எழுதினேன். என் நேர்மையின் அளவு அவ்வளவுதான். கடைசிக் குழியில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அட்டைப்படி, அந்த ஒரு முழம் விழுந்தால் மேனேஜருக்குக் கோப்பை. விழாவிட்டால் ஸ்பின்னிங் மாஸ்டருக்கு. எழுதுகிறவன் நான் என்பதால், நான் சொல்லட்டும் என்று ஞானராஜ் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

வாயைத் திறந்தேன். பழகி வைத்திருந்த வார்த்தை வரவில்லை. அத்தனை முகங்கள். கண்ணாடி முன்னால் இத்தனை முகங்கள் இல்லை.

பிறகு பல வருடம் இதை என் வீரம் என்று மில்லில் பேசினார்கள். இல்லை. முதலில் அது வெறும் கூச்சம். ஆனால் சிறிது நேரம் கழித்து அது விலகியது. அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நின்றேன். அந்தப் பந்து உருளுவதைப் பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு மனிதன் வழுக்கி விழுவான் என்று தெரிந்தே தெருவில் நின்று பார்க்கிற ஆசை.

மேனேஜர் முழங்காலில் இருந்து கையை எடுத்தார். "செரி, உருட்டிடறனுங்க," என்றார்.

முந்தின நாள் மாலை, களம் கருகருவென்று மின்ன வேண்டும் என்று ஞானராஜ் இரண்டு பீப்பாய் ஊற்றச் சொல்லியிருந்தார். எண்ணெய் ஊற்றினால் இரண்டு நாளாவது ஆற வேண்டும். இல்லையென்றால் மணல் களிமாதிரி ஒட்டும். மீரான் பாய்க்குத் தெரியும், எனக்குத் தெரியும். வருடக்கணக்காக ஒரு முழத்தை உருட்டியே பார்க்காத மேனேஜருக்கு எப்படித் தெரியும்?

முதல் தடவை பந்து பாதித் தூரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒருவர் இருமினார். இரண்டாவது, வேகமாகத் தட்டியதில் குழியின் விளிம்பைத் தாண்டிப் போனது. மூன்றாவது திரும்ப இந்தப் பக்கம் வந்தது. மேனேஜரின் வெள்ளைப் பூட்ஸ் முழுக்க எண்ணெய். நான்காவதில் விழுந்தது.

நான் அட்டையில் நான்கையும் சேர்த்து எழுதினேன். பென்சில் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கோப்பையை ஸ்பின்னிங் மாஸ்டரிடம் கொடுத்தபோது அவர் பின்னால் நகர்ந்தார். "வேண்டாம் சார், நீங்களே வச்சுக்கிடுங்க சார்," என்று அழாத குறை. பாம்பைக் கையில் கொடுத்ததுபோல அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

பேசாமல் நிற்க ஓர் ஆள்

"வாயில என்னவே கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?" என்று கேட்டுவிட்டு, திங்கட்கிழமை ஞானராஜ் என் மட்டையை வாங்கிக்கொண்டார். இனி எண்ணெய்க்கு வேறு ஆள் போவான் என்றும் உத்தரவு.

டீக்கடையில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. "மேனேஜரையே எண்ணெயில எறக்கிட்டீரே அண்ணாச்சி!" என்றார்கள். நான் தலைகுனிந்து டீயைக் குடித்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். விடிந்ததும் கை மட்டையைத் தேடியது அவர்களுக்குத் தெரியாது. செண்பகம் ஒரு விளக்குமாற்றை நீட்டி, "இத வச்சு முத்தத்தையாவது அடிங்க," என்றாள்.

பத்து நாள் கழித்து மீரான் பாய் ஸ்டோர்ஸ் ஜன்னலில் வந்து நின்றார். "வே, நாளைக்கு விடிய அங்கன வாரும். ஒரு கூத்து நடக்கு."

"நான் வரக்கூடாதுல்லா பாய்."

"ஆட வேண்டாம் வே. உடைமரத்துக்குப் பொறத்தால நின்னு பாரும்."

போனேன். இரண்டாம் குழிக் களத்தில் மேனேஜர் தனியாக இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கைத் தானே இழுத்துக்கொண்டிருந்தார். குழியைச் சுற்றி ஒரு முழத் தூரத்தில் பத்துப் பந்துகள். ஒவ்வொன்றாக உருட்டினார். நான்கு விழுந்தன. "நாலு," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு மறுபடி அடுக்கினார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"ஸ்டோர்ஸ்காரருங்களா? வாங்க. இப்படி நில்லுங்க."

போய் நின்றேன்.

"நேத்து ஞானராஜை நிக்க வெச்சேனுங்க. நான் தட்டறதுக்கு முன்னாலயே போதும் சார்ங்கறான். பழக்கமாயிருச்சு அவனுக்கு. நீங்க நில்லுங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம். விழுந்தா விழுந்துதுன்னு தலையாட்டுங்க, போதும்."

பேசாமல் இருப்பதற்காக ஒருவர் என்னைக் கூப்பிட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே மட்டை திரும்பி வந்தது. கூடவே ஒரு தாளும் வந்தது. ஆபீசர் அல்லாதவனை மைதானத்துக்குள் விட முடியாது என்பதால் எனக்கு 'பிரவுன் பராமரிப்பு மேற்பார்வை' என்று ஒரு வேலையை ஞானராஜ் கண்டுபிடித்திருந்தார். மேற்பார்வை செய்ய மீரான் பாய் ஒருவர்தான். அவர் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அப்ப இனிம நான் சாக்கு இழுக்கும்போது நீரு ஏன் இழுக்கேன்னு கேப்பீராக்கும்," என்றார்.

துடைத்த பலகை

ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் விடியற்காலையில் ஆடினோம். மேனேஜரின் முதல் நேர்மையான எண்ணிக்கை அறுபத்தெட்டு. பரிசு விழுந்தவர் குரலில், "அறுவத்தெட்டுங்க!" என்றார். அன்றைக்கே கிளப்புக்குப் போய், பலகையில் இருந்த தன் பெயரையும் முப்பத்தொன்பதையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டார். பலகையில் வெறும் வட்டமாகக் கறை மட்டும் இருந்தது.

மேனேஜர் கடைசிவரை உருட்ட ஆரம்பித்ததும் மற்ற ஆபீசர்களும் உருட்டியாக வேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் நான் அனுபவித்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஞானராஜ் ஒரே குழியில் எட்டுத் தடவை உருட்டியதைப் பீப்பாய்மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். வார்த்தை வராத எனக்கு, எண்கள் மட்டும் நாக்கில் தித்தித்தன.

மேனேஜர் அறுபதுக்குக் கீழே வந்தார். பிறகு ஐம்பதைத் தொட்டார். நான் நாற்பத்துநான்கு, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று என்று இறங்கி அங்கேயே நின்றுவிட்டேன். முப்பத்தொன்பது என்பது மேனேஜருக்குத் தெரியாமல் அவரிடமிருந்தே நான் எடுத்துக்கொண்ட எண். அதை அவரிடம் சொன்னதில்லை. ஆனால் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவருக்குக் கோயம்புத்தூருக்கே மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கடைசியாக ஆடினோம். பனி இருந்தது. ஆற்றுப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. எட்டுக் குழி முடிந்தபோது என் எண்ணிக்கை முப்பத்தைந்து. நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. சாக்கை இழுத்துக்கொண்டிருந்த மீரான் பாய் மட்டும் இழுப்பதை நிறுத்திவிட்டு நின்றார்.

கடைசிக் குழி. முதல் அடி கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது, களத்தில் ஏறியது. ஓரத்திலிருந்து உருட்டினேன். குழியை நோக்கி நேராக வந்து, ஒரு முழத் தூரத்தில் நின்றது. முப்பத்தெட்டு. இதோ, இன்னும் ஒன்று.

எண்ணெய் நன்றாக ஆறிய களம். அந்த ஒரு வருடத்தில் அந்தத் தூரத்தை நான் தவறவிட்டது மிகக் குறைவு. பாதை போடச் சாக்கை எடுக்கப் போனேன். கை வேர்த்திருந்தது. மட்டையின் டியூப் பிடி வழுக்கியது. அப்போது ஏழு மணிச் சங்கு ஊதத் தொடங்கியது.

"போதுமுங்க," என்றார் மேனேஜர். "எடுத்துக்குங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். பரிசு கொடுக்கிறவர் முகம். எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் கொடுத்தார்.

"இல்லை சார், உருட்டுகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் கை அதற்குள் கீழே போய்ப் பந்தை எடுத்துவிட்டது. எவ்வளவு சுலபமாகக் குனிய முடிந்தது என்பது இப்போதும் ஆச்சரியம்தான். அந்த வார்த்தை காதில் விழும்போது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வருடக்கணக்காக அவருக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த சுகம்.

மறுநாள் அவர் காரில் ஏறுவதற்கு முன் பலகையில் பெயிண்ட் காய்ந்திருந்தது. என் பெயர். நேரே 39. ஞானராஜ் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "நல்ல ஆட்டம் வே," என்று சொல்லிச் சிரித்தார். அவர் அன்று மைதானத்தில் இல்லை, எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பீப்பாய்மேல் உட்கார்ந்து நானே அதைப் பல வருடம் சிரித்திருக்கிறேன்.

அடுத்த நாள் விடியற்காலையில் தனியாகப் போனேன். அதே களம், அதே இடம். முழம் போட்டு அளந்து பந்தை வைத்தேன். உருட்டினேன். விழுந்தது. மறுபடி வைத்தேன். விழுந்தது. பத்துத் தடவை. பத்தும் விழுந்தன. பதினொன்றுக்குக் குனிந்தபோது மீரான் பாய் பின்னால் வந்து நின்றார்.

"அதான் விழுதுல்லா. பொறவென்ன?"

"அன்னைக்கு விழலியே பாய்."

"அன்னைக்கு நீரு உருட்டவே இல்லியே வே," என்று சொல்லிவிட்டு, சாக்கை இழுத்து, என் கால் தடத்தையும் பந்து போன பத்துப் பாதைகளையும் அழித்துக்கொண்டு அடுத்த களத்துக்குப் போனார்.